ஏற்காட்டுக் கல்லறைகள்: கறுப்பு வெள்ளைக் குறிப்புகள்

அக்டோபர் 27, 2024, ஞாயிறு

ஏற்காட்டில் மூடுபனி மதியம் வரை விலகவில்லை. கல்லறைத் தோட்டம் என்றாலே பனியும் சாய்ந்த சிலுவையும்தான் படம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். கல்லில் இருக்கும் பெயரைப் படிக்க முடிய வேண்டும். அழகெல்லாம் அதற்குப் பிறகுதான். பனியில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக விழுகிறது. தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழலே தங்குவதில்லை. எந்தக் கல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

நல்ல வெயில். நான் குறித்து வைத்த வரிசை கிழக்கு பார்த்தது. காலை வெயில் கற்களின் முகத்தில் நேராக அடிப்பதால் எழுத்து தட்டையாகிவிடுகிறது. பதினொன்றரை மணியை நெருங்கும்போதுதான் வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு இறங்கத் தொடங்குகிறது. உச்சி வெயிலைப் படக்காரர்கள் ஒதுக்குவார்கள். கிழக்கு பார்த்த கல்லுக்கு அதற்குச் சற்று முந்தைய அரை மணி நேரம்தான் பொழுது.

எஃப்பி4 பிளஸ் கறுப்பு வெள்ளை பிலிம், ஐஎஸ்ஓ என்னும் ஒளி உணர்திறன் 125, முக்காலி, லென்ஸ் திறப்பு எஃப் 11. கற்பாசி ஆரஞ்சுத் திட்டுகளாகப் படர்ந்திருந்த இடங்களில் ஆரஞ்சு பில்டர் போட்டேன். இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது முக்கால் பங்கை, அது விழுங்கினாலும் திட்டுகள் வெளிறி, எழுத்து மேலே வருகிறது. சில்வர் ஓக் நிழலில் இருந்த கல்லுக்கு, அக்கா மகன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தான். ஒரு குழந்தையின் வயது, மாதக் கணக்கில், மெல்ல எழும்பி வந்தது. இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

பளிங்குக் கற்களில் மழை எழுத்தைக் கரைத்திருக்கிறது. கருங்கல்லில் உளியின் விளிம்பு அப்படியே நிற்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையே சார்னோகைட் பாறைதான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் இட்ட பெயர் அது. கல்லறையிலிருந்து பெயர் பெற்ற பாறையின் மேல் நின்று கல்லறைகளைப் படம் எடுக்கிறேன் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். சேலத்தில் காலையிலிருந்தே கூட்டம். சுண்ணாம்பு வாளி, சாமந்தி, மெழுகுவர்த்தி. ஒருவர் கம்பி பிரஷால் பழைய கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். கம்பி உரசினால் மழை விட்டுவைத்த எழுத்தும் போய்விடும்.

கணவரின் கல்லில் “கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்” என்ற வரிக்குக் கறுப்பு பெயிண்ட் பூசிக்கொண்டிருந்த அம்மா, கேமராவைப் பார்த்ததும் தானாகவே கூப்பிட்டார்.

“கண்ணு, அவர் பெயர் நன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்துக் கொடுங்கள். அடுத்த மழைக்கு இந்தப் பெயிண்ட் நிற்காது.”

“பெரிதாகவே பிரிண்ட் போட்டுத் தருகிறேன் அம்மா.”

புதுச் சுண்ணாம்பை லைட் மீட்டரின் கணக்கில் எடுத்தால் சாம்பலாகிவிடும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டி எடுத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

பிலிம் கழுவினேன். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி. ஐஸ் கட்டிகள் போட்ட பாத்திரத்தில், பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலை வைத்து 20-க்கு இறக்கினேன். ஐடி-11 டெவலப்பர், தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று, 11 நிமிடம். சேலத்தில் பெயிண்ட் பூசிய அம்மாவின் கணவர் பெயர் நெகட்டிவிலேயே தெளிவாக இருக்கிறது.

கடைசி நான்கு பிரேம்கள்தான் தூங்கவிடவில்லை. ஏற்காட்டுச் சரிவில், காபித் தோட்ட ஓரத்தில், தலைமாட்டில் செதுக்காத கல் மட்டும் நட்ட மேடுகள். இந்த மலைக்குக் காபி வந்த கதையைச் சொல்பவர்கள் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னைத் தவறாமல் சொல்வார்கள். குழி தோண்டிச் செடி நட்டவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பக்கவாட்டு வெயிலும் பில்டரும் இங்கே உதவாது. தோட்டத்து முதியவர்கள் சிலருக்கு எந்த மேடு யாருடையது என்று தெரிந்திருக்கலாம். பிரிண்ட்களோடு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கப்போகிறேன். அவர்கள் சொல்லும் பெயர்களைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும்.