ஒட்டாமல் ஆற வேண்டும்

ஜூலை 8
இரண்டாவது லேப்ராஸ்கோப்பிக்கு, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் அறுவைக்கு, நாள் குறித்தாகிவிட்டது, 14ஆம் தேதி. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய். முதல் தடவை அதனால் இடது சினைப்பையில் வந்த சாக்லேட் கட்டியை, பழைய ரத்தம் தேங்கிய கட்டியை, எடுத்தார்கள். அறுவைக்குப் பின் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது பற்றி அன்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இப்போது அந்தச் சினைப்பை கருப்பையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கிடக்கிறது. ஸ்கேனில் அழுத்திப் பார்த்தால்கூட நகரவில்லை.

ஜூலை 10
கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். புது டாக்டர் பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். வயிற்றின் உள்சவ்வில் காயம் பட்டால் சில மணி நேரத்திலேயே ஃபைப்ரின் என்ற பசை படியும். உடம்பு அதைக் கரைத்துவிட்டால் சரி. கரையாமல் நின்றுபோனால் அதற்குள் நாரும் ரத்தக்குழாயும் வளர்ந்து நிரந்தர ஒட்டாகிவிடும். சவ்வு ஆற ஏறக்குறைய ஒரு வாரம். எல்லாம் அதற்குள் முடிவாகிவிடுகிறது. "அதனால பாதி வேலை தியேட்டர்லயே இருக்கும்மா" என்றார்.

ரத்தக்கசிவை முழுதும் நிறுத்துவது, தேவைக்கு மேல் பொசுக்காமல் இருப்பது, சலைன் விட்டுத் திசுவை உலரவிடாமல் வைப்பது, பவுடர் இல்லாத கையுறை. பவுடர் துகளே ஒட்டை உண்டாக்கும் என்பதால் அமெரிக்காவில் 2017இல் அந்தக் கையுறைகளைத் தடை செய்துவிட்டார்களாம். இதெல்லாம் போக, சினைப்பையைச் சுற்றி செல்லுலோஸ் வலை ஒன்றைப் போர்த்துவார். அது கூழாகி, காயம் ஆறும்வரை பக்கத்து உறுப்பைத் தள்ளி வைத்து, பிறகு தானே கரைந்துவிடும். ஆனால் ரத்தம் கசியும் இடத்தில் போட்டால் பயனில்லை. ஒட்டு குறையும், வலி போகும் என்று உறுதி தர முடியாது என்றும் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஜூலை 15
முடிந்தது. வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலிக்கிறது, உள்ளே ஏற்றிய வாயுவால். சாயங்காலம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் இரண்டு நடை.

ஜூலை 18
சித்தி விளக்கெண்ணெய்ப் பத்து போடச் சொல்கிறார். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் தோலில் தடவுவது உள்சவ்வுக்குப் போய்ச் சேராது. நடப்பதும் ஒட்டைத் தடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. குடல் ஓட, காலில் ரத்தம் கட்டாமலிருக்க நடக்கிறேன். வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுவும் பிரியவில்லை என்றால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 22
எட்டாம் நாள், தையல் பார்த்தார்கள். நோய் திரும்பினால் அதன் அழற்சியே மறுபடி ஒட்டவைக்கும் என்பதால் டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி., தினம் ஒன்று. டிஸ்சார்ஜ் தாளில் என்ன வலை, எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வந்து பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் அப்படி ஒரு வரி இல்லை.