கட்டிலின் எந்தப் பக்கம்

ஜூன் 2, திங்கள்

அறையைக் காலி செய்தாயிற்று. பீரோ நின்ற இடத்தில் சுவர் வேறு நிறமாக இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

டேப்பை வைத்து அளந்தேன். ஜன்னல் பக்கம் படுப்பவர், அதாவது என் வீட்டுக்காரர், இறங்கி, கால்மாட்டைச் சுற்றி, பீரோ முனையில் முட்டிக்கொள்ளாமல் திரும்பிக் குளியலறைக் கதவுக்குப் போக 17 அடி. இந்தப் பக்கம் படுப்பவருக்கு 5 அடி. நடுராத்திரியில், விளக்குப் போடாமல், அரைத்தூக்கத்தில் 17 அடி. முன்பெல்லாம் அது ஒரு தூரமே இல்லை.

அப்படியானால் இடம் மாற வேண்டும். மாறினால் நான் பேசுவது அவருடைய வலது காதுக்குப் போகும். அந்தக் காது கேட்காது, போனது போனதுதான்.

சரி, அப்புறம் யோசிப்போம்.

ஜூன் 5, வியாழன்

படம் போட்டுப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே வரைந்துவிட்டேன். கட்டில் 6 அடிக்கு 6½. அலமாரி ஆழம் 2 அடி. ஹேங்கரே ஒன்றரை அடி அகலம் இருப்பதால் அதற்குக் குறைத்தால் சட்டைத் தோள் கதவில் மாட்டும். அவர் பக்கம் நடக்க 3 அடி. வாக்கர் 2 அடி என்றாலும் முழங்கை இருக்கிறதே. என் பக்கம் 2 அடி போதும், பக்கவாட்டில் நுழைந்துகொள்வேன்.

கோட்டுக்குள் போய்ப் படுத்தும் பார்த்தேன். எழுந்தபோது முதுகெல்லாம் சாக்பீஸ் பொடி. சித்தாள் பெண் சிரித்தாள்.

மாலை மகள் போனில் பேசினாள். "அம்மா, அப்பா இன்னைக்குப் பிடிக்காம நின்னார். ரூம் எப்படி ஆகுதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கார்." ஆகிறது என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

ஜூன் 7, சனி

மேஸ்திரியோடு வாக்குவாதம். குளியலறை வாசலில் படி வேண்டாம் என்கிறேன். "படி இல்லாட்டி தண்ணி ரூமுக்கு வந்துரும்மா" என்கிறார். வரக்கூடாது, படியும் கூடாது. "ரெண்டு அங்குலம்தானேம்மா, அதையா தாண்ட மாட்டாங்க?"

அந்த ரெண்டு அங்குலம்தான், மேஸ்திரி.

அவர் ஒன்றும் சொல்லாமல் ரசமட்டத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "தரையை உடைச்சு இறக்கணும். பைப்பையும் இறக்கணும். பரவால்லையா?" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

படி வேண்டாம்.

ஜூன் 10, செவ்வாய்

உடைக்கிறார்கள். மூடிய பெட்டிக்குள்ளும் புழுதி எப்படித்தான் போகிறதோ.

முடிவானது இது: வாசலில் குளியலறைத் தரையும் படுக்கையறைத் தரையும் ஒரே மட்டம். அங்கிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரே திசையில் வாட்டம். நீளம் 2.4 மீட்டர், 80க்கு 1 என்று வைத்தால் கடைசியில் 3 செ.மீ. இறக்கம். ஷவர் அந்தக் கோடியில், சுவரோரமாக நீள வடிகால். நடுவில் ஒரு வட்டச் சல்லடை வைத்தால் நான்கு பக்கமும் வாட்டம் கொடுக்க வேண்டும். காலுக்கு எந்தப் பக்கம் சரிகிறது என்றே தெரியாது. ஒரே பக்கம் சரிந்தால் கால் பழகிக்கொள்ளும்.

ஜூன் 11, புதன்

எலக்ட்ரீஷியன் வயருக்காகச் சுவரில் காடி எடுத்தார். கட்டில் விளக்குக்கு டூ வே சுவிட்ச். வாசலில் போட்டு, படுத்துக்கொண்டே அணைக்கலாம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கால் விளக்கு இரண்டு, ஆள் அசைந்தால் தானே எரியும் வகை. எல்லாம் மஞ்சள் வெளிச்சம், 2700 கெல்வின். அவருக்கு ஆஸ்பத்திரி மாதிரி பளீரென்ற 6500தான் பிடிக்கும், ஆனால் நடுராத்திரி அதிலுள்ள நீல வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கத்தை வரவைக்கும் மெலட்டோனின் குறைந்து மறுபடி தூக்கம் பிடிக்காது. குளியலறை இணைப்புக்குத் தனியாக, மின்கசிவு 30 மில்லி ஆம்பியர் ஆனாலே துண்டிக்கும் ஆர்சிசிபி.

பெட் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று கேட்டார். இரண்டு பக்கமும் என்றேன். அதற்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

ஜூன் 12, வியாழன்

கதவு. இதை யாரும் யோசிப்பதில்லை. குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே ஆள் விழுந்து கதவை மறித்துக் கிடந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது. தள்ளத் தள்ள அவர் மேலேயே இடிக்கும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வெளிப்பக்கம் திறக்கலாம் என்றால் 3 அடி நடைபாதையைக் கதவே அடைத்துக்கொள்ளும். ஆகவே தள்ளுகதவு, படுக்கையறைச் சுவர்மேல் ஓடுவது. 36 அங்குலம். இடுக்கு வழியே சத்தமும் வாடையும் வரும் என்று எச்சரித்தார்கள். வரட்டும்.

தாழ்ப்பாள் வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கிற மாதிரி.

கதவு ஓடி நிற்கிற பக்கத்தில் சுவிட்ச் போர்டு வரவிருந்தது. திறந்தால் மூடிக்கொள்ளும். மறுபக்கம் மாற்றியாயிற்று.

ஜூன் 13, வெள்ளி

காடி மூடிப் பூசினார்கள். தூக்கமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றும் இன்றும் நீர்க்காப்புப் பூச்சு. முதல் கோட் நெடுக்காக, இரண்டாவது குறுக்காக. அதற்கு முன் மூலைகளை வளைவாக வழித்து வாட்டா பிடித்தார் மேஸ்திரி. சுவரும் தரையும் கூடுகிற இடம் செங்கோணமாக இருந்தால் பூச்சு அங்கேதான் வெடிக்குமாம். கட்டைவிரலை ஈரத்தில் நனைத்து மூலையை ஒரே இழுப்பில் வழித்துக்கொண்டு போனார். கருவி எதையும் தொடவில்லை. ஷவர் பக்கம் சுவரில் 6 அடி வரை பூச்சு, மற்ற இடத்தில் 1 அடி. வாசலைத் தாண்டிப் படுக்கையறைக்குள்ளும் ஒரு சாண்.

ஜூன் 18, புதன்

தண்ணீர் நிறுத்திச் சோதனை. படி இல்லாத குளியலறையில் தண்ணீர் நிறுத்த, வாசலில் செங்கல் வைத்து ஒரு படி கட்ட வேண்டியதாயிற்று. மேஸ்திரிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பாத்தீங்களாம்மா, அழகா இருக்கு, விட்ரலாமா?"

வடிகாலை அடைத்து 2 அங்குலம் தண்ணீர். சுவரில் பென்சில் கோடு. பக்கத்திலேயே ஒரு பேசினிலும் தண்ணீர் ஊற்றி, அதிலும் ஒரு கோடு. கீழே வீடு இருந்தால் அதன் கூரையைப் பார்த்தே ஒழுகுவது தெரிந்துவிடும். எங்களுக்குக் கீழே மண்தான். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் அது ஆவியானது. தரைத் தண்ணீர் மட்டும் அதிகம் குறைந்தால் கசிவு.

ஜூன் 19, வியாழன், அதிகாலை

டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தேன். பேசினில் ஒரு மயிரிழை குறைந்திருக்கிறது. தரையில்? அதே மயிரிழைதான் என்று நினைக்கிறேன். கோடு தடிமனாகப் போட்டுவிட்டார்கள்.

இப்போது அவர் விழித்திருப்பார். கூப்பிடலாமா? என்ன சொல்வது, தண்ணீர் இறங்கவில்லை என்றா?

ஜூன் 20, வெள்ளி

48 மணி நேரம் ஆயிற்று. இரண்டும் ஒரே அளவு. செங்கற்படியை உடைத்து அந்தப் பட்டைக்கு மட்டும் மறுபடி இரண்டு கோட்.

ஜூன் 21, சனி

டைல்ஸ் கடை. விற்பனைப் பையன் ஆர்11 என்று ஒன்றைக் காட்டி, "வழுக்கவே வழுக்காது மேடம்" என்றான். அந்த ஆர் எண் எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஷூ போட்டு நடந்து பார்த்துக் கொடுப்பது. குளியலறைக்குள் யார் ஷூ போட்டுக்கொண்டு போகிறார்கள்? வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகை உண்டு. தம்பி, அதைக் காட்டுப்பா என்றேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். பி எடுத்தேன். சி இன்னும் பிடிப்பு, ஆனால் சொரசொரப்பில் அழுக்கு தங்கும், தேய்க்கப் போவது நான்.

வெளிர் சாம்பல். சுவருக்கு வெள்ளை. வெஸ்டர்ன் டாய்லெட்டும் வெள்ளை. அதன் பின்சுவர் மட்டும் கரும்பச்சை. அழகுக்காகவும்தான், ஆனால் வெள்ளைக்கு முன்னால் வெள்ளை இருந்தால் வயதான கண்ணுக்கு விளிம்பு தெரியாது.

கைப்பிடிக் கம்பி: தரையிலிருந்து 85 செ.மீ., சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குலம். கை நுழைய வேண்டும், முழங்கை நுழையக் கூடாது. துண்டு தொங்கவிடுகிற கம்பி கைக்கு எட்டும் இடத்தில் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தடுமாறும்போது கை எதைப் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஜூன் 23, திங்கள்

சாக்பீஸ் கோடு பாதி அழிந்துவிட்டது. மறுபடி வரையப் போய், சும்மா ஒரு யோசனையில் தலைமாட்டை எதிர்ச்சுவரில் வைத்து வரைந்தேன்.

அவர் எனக்கு வலப்பக்கம். அன்றைக்கும் வலப்பக்கம், இன்றைக்கும் வலப்பக்கம். கட்டிலைத் திருப்பிப் போட்டால் அந்த வலப்பக்கம் தானாகக் குளியலறைப் பக்கம் வந்துவிடுகிறது! இடது காது என்னிடமே இருக்கும். போவது ஜன்னல் மட்டும்.

ஆனால் பெட் சுவிட்ச் எல்லாம் பழைய சுவரில்.

ஜூன் 24, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் முகத்தை நான் பார்க்கவில்லை. புதிய சுவரில் காடி எடுத்துப் பூசியாயிற்று. பழைய சுவிட்ச் அலமாரிக்குள் போகும்; உள் விளக்குக்கு உதவும்.

அலமாரியைக் குளியலறைச் சுவரில் ஒட்டி வைக்கலாம் என்றார் ஆசாரி. கூடாது. ஈரச்சுவர், பின்பலகை பூசணம் பிடிக்கும், துணியெல்லாம் முக்கல் வாடை அடிக்கும்.

ஜூன் 28, சனி

டைல் ஒட்டி முடித்தார்கள். வாசலில் ஒரு சொம்பு தண்ணீரைக் கவிழ்த்தேன். கொஞ்சம் தயங்கி, அகலமாகப் பரவி, அப்புறம் ஒரு பக்கமாக ஓடி வடிகாலில் விழுந்தது. வாசல் பக்கம் ஒரு சொட்டு இல்லை. மேஸ்திரி இன்னொரு சொம்பு வாங்கி அவரும் ஊற்றினார். அப்புறம் சித்தாள் ஊற்றினாள்.

ஜூலை 1, செவ்வாய்

அவரிடம் சொல்லிவிட்டேன். ஜன்னல் என்ன ஆச்சு என்றார். அங்கேயேதான் இருக்கிறது, நான் அந்தப் பக்கம் என்றேன். "மழை வந்தா நீதான் எழுந்து சாத்தணும்" என்றார். எத்தனை நாள் இதற்குப் பயந்தேன்!

10ஆம் தேதி வருகிறேன் என்கிறார். மகளும் சரி என்கிறாள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

புதுப்பூச்சு 28 நாள் காய வேண்டும். அதற்குள் பெயின்ட் அடித்தால் சிமென்ட்டின் காரம் பெயின்டை அரிக்கும், உப்புப் பூக்கும். முதலில் பூசியது 11ஆம் தேதிக்கு ஆகிவிடும். தலைமாட்டுச் சுவரில் 24ஆம் தேதி பூசியது 22 வரை. அவர் வருவது 10.

வாடை உள்ள அறையில் அவரைப் படுக்கவைக்க மாட்டேன். அப்படியானால் 10ஆம் தேதிக்கு முன்னும் கூடாது, பின்னும் கூடாது.

ஜூலை 4, வெள்ளி

எரிச்சல். பெயின்டர் வரவில்லை, வந்தாலும் வேலை இல்லை. மகள் எடுத்துப் பேசவில்லை. ஏன் எடுக்கவில்லை.

ஜூலை 5, சனி

அவருக்குப் பயிற்சி நேரமாம். அவ்வளவுதானாம்.

பெயின்ட் வேண்டாம் என்று முடிவு. தலைமாட்டுக்கு மேல் இரண்டு சிமென்ட் கோடு அப்படியே இருக்கட்டும். அவர் படுத்துக்கொண்டு பார்க்கப் போவது எதிர்ச்சுவரை.

ஜூலை 7, திங்கள்

கட்டில் வந்தது. மெத்தையோடு சேர்த்து 20 அங்குலம். ஓரத்தில் உட்கார்ந்தால் எனக்குப் பாதம் முழுதாகத் தரையில் பதிகிறது. அவருக்கும் பதியும், என்னைவிட உயரம்.

ஜூலை 8, செவ்வாய்

கதவு வந்திருக்கிறது. 30 அங்குலம். 36 என்று எழுதிக் கொடுத்த சீட்டு என் கையிலேயே இருக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டேன். நாளைக்குள் வராவிட்டால் கனமான திரை ஒன்று தைக்கக் கொடுக்க வேண்டும். தையல்காரர் ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்.