விட்டுவைத்த திட்டு

எண்ணூர்க் கழிமுகத்தில் இருக்கும் அந்தச் சேற்றுத் திட்டில் அலையாத்தி நட வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஊர்க் கூட்டத்தில் முடிவான இடம். நாற்று வளர்த்த பையன்கள் குச்சி நட்டு அடையாளமும் போட்டுவிட்டார்கள். கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னேன். செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்த பிறகுதான் இந்த வேலை சூடுபிடித்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று மீனவக் குப்பத்து ஆட்களே வந்து கேட்டார்கள். பூண்டி ஏரியில் திறந்துவிட்டாலும் புழல் ஏரி உபரி வந்தாலும் கடைசியில் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலில் தூர்ந்துகொண்டே போனால் மணலியும் சடையங்குப்பமும் தண்ணீரில் நிற்கும். இதையெல்லாம் நான் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சாம்பலை அள்ளுவது எங்களால் ஆகாது. அலையாத்தி நடுவது எங்கள் கைக்கு எட்டிய வேலை.

அலையாத்தி வகையான கண்டல் செடி நட்ட இடத்திலெல்லாம் பிழைத்துவிடாது. கடல்நீர் ஏறி, திரும்ப இறங்க வேண்டும். தேங்கிவிட்டால் வெயிலில் உப்பேறிச் செடி கருகிவிடும். பிச்சாவரத்தில் அழிந்த காட்டை மீட்டபோது மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை உள்ளே விட்டது இதற்காகத்தான். எங்களிடம் அதற்கு ஆளும் இல்லை, காசும் இல்லை. அதனால் நீர் தானாகவே ஏறி இறங்கும் அந்தத் திட்டு எல்லோருக்கும் பிடித்துப்போனது.

அங்கேதான் ஒரு அக்கா இறால் தடவிக்கொண்டிருந்தார். இருளர் குடும்பங்களில் இன்னமும் கையால் பிடிக்கிறார்கள். நீரில் மண்டி போட்டு, இரண்டு கையையும் சேற்றின் மேல் அகல விரித்து, மெல்ல உள்ளே கூட்டிக்கொண்டே நகர்வார்கள். விரலில் இறால் தட்டியதும் ஒரே அமுக்கு. அடுத்த நொடி அது பல்லில் கடித்திருக்கும் பறி என்கிற ஓலைக் கூடைக்குள் இருக்கும். வாயில் பறி இருக்கும்வரை பேச்சு கிடையாது. அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் என்னிடம் கேட்டார்.

“இங்கயா நடப் போறீங்க தம்பி?”

“ஆமாக்கா. இது வளந்தா இறால் பெருகும். குஞ்செல்லாம் வேருக்குள்ளதான் ஒதுங்கும்.”

“பெருகும். யாரு புடிப்பா?”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். “ஆணி ஆணியா வேர் மேல வரும்ல? அதுக்குள்ள எப்படிக் கைய விட்டுத் தடவுறது? வலை வெச்சிருக்கறவன் வெளிய போட்டுப் புடிச்சுக்குவான்.”

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். கண்டலின் மூச்சு வேர்கள் சேற்றைக் குத்திக்கொண்டு மேலே நிற்கும். நாங்கள் படம் போட்டு விளக்குகிற அதே வேர்கள்தான். ஏற்கனவே காக்கா ஆழி சேற்றை மூடிக்கொண்டு வருகிறது, கை வைத்தால் கிழிக்கிறது. கப்பல்களோடு வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சிப்பி இன்னும் பரவாத சேற்றைத் தேடித்தான் அவர்கள் வருகிறார்கள். நாங்களும் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஊரே ஒத்துக்கொண்டது அக்கா என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அந்தக் கூட்டத்தில் அவர்கள் ஆட்கள் யாரும் இல்லை. கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. செடி நட வந்தவன் ஊர் வழக்கத்தை மாற்ற முடியுமா? முடியாது. அதற்காக அந்த அக்காவின் பிழைப்பு மேல் செடி நடலாமா? அன்று எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகத் தெரிந்தது.

அப்புறம் குப்பத்து அண்ணன் ஒருவர் கேட்டார். “அவங்களுக்காக விட்டீங்க, சரி. நாளைக்கு லாரி வந்து மண்ணு கொட்டினா? காலி எடம்னு சொல்லுவான். மரம் நின்னா எவன் கை வெப்பான்?”

இவர் சொல்வதும் நிஜம்தான். 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் அலையாத்திக் காடும் உயிர்கள் வாழும் சேற்றுத்திட்டும் ஒரே வகையில்தான் வருகின்றன. சட்டப்படி இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் காடு வானத்திலிருந்து எடுக்கும் படத்தில் பச்சையாகத் தெரியும். சேற்றில் உயிர் இருக்கிறது, அதை நம்பி ஆள் இருக்கிறது என்பதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும், எழுதிக் காட்ட வேண்டும், நிரூபிக்க வேண்டும். அந்த அக்காவின் கை எந்த வரைபடத்தில் வரும்? அவர் நன்மைக்கென்று விட்ட திட்டை வேறு யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டேனோ என்று தோன்றும்போது தூக்கம் போய்விடுகிறது.

நாற்றுகளைக் கொஞ்சம் மேடான இடத்தில் கொண்டுபோய் நட்டோம். கோடை வந்ததும் பெரும்பாலும் கருகிவிட்டன. எண்ணெய் அப்பிய கையோடு விதை பொறுக்கி வந்து, உப்புத்தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த பையன்கள் அவர்கள். ஒருவனும் என்னைக் குறை சொல்லவில்லை. அதில் ஒருவன் மட்டும், “அண்ணே, திட்டுல வெச்சிருந்தா பொழச்சிருக்கும்ல?” என்றான். பிழைத்திருக்கும். ஆமாம் என்றேன்.

திட்டின் ஓரத்தில் மட்டும் வரிசையாக நட்டுவிட்டு நடுவில் சேற்றை விட்டுவைக்கலாம், வேலியாகவும் இருக்கும், தடவ இடமும் இருக்கும் என்று இப்போது ஒரு யோசனை. அக்காவிடம் கேட்டேன். “ஓரத்துல வெச்சா நடுவுக்கு வராதா தம்பி? வெதை மெதந்து போகும்ல?” என்றார். வருஷா வருஷம் முளைத்து வருவதைப் பிடுங்க வேண்டும். அலையாத்தியை நடச் சொல்லித் திரிகிற நான், அதைப் பிடுங்கவும் ஆள் சேர்க்க வேண்டும்.

மழைக்கு முன்னால் மறுபடி கூட்டம். இருளர் குடும்பங்களையும் அழைக்க வேண்டும் என்று இந்த முறை கேட்டேன். பெரியவர்கள் மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் வைத்திருப்பது நீர் வற்றும் நேரத்தில். அந்த நேரத்தை விட்டால் அவர்களுக்கு அன்றைய இறால் கிடையாது. நேரத்தை மாற்றச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.