வலது கண் சரி

ஜனவரி 9
வலது கண்ணை மூடிக்கொண்டு காலண்டரைப் பார்த்தால் தேதி தெரிகிறது. கீழே நல்ல நேரம், ராகுகாலம் எதுவும் இல்லை. வலியும் இல்லை. நேற்றுப் படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 10
மெல்லும்போது தாடை வலிக்கிறதா, தலை வாரும்போது நோகிறதா என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். இல்லை. அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., இரண்டும் நார்மல். ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் இன்றைக்கே அட்மிட் செய்து ஸ்டீராய்டு ஏற்றியிருப்போம், இன்னொரு கண்ணைக் காப்பாற்ற, என்றார் டாக்டர் அம்மா. அது இல்லாமலே இடது கண் நரம்புக்கு ரத்தம் குறைந்துவிட்டதாம். அப்படியென்றால் என்ன சிகிச்சை? பதில் சொல்வதற்கு முன் பேனாவை மூடி வைத்தார்.

ஜனவரி 11
ஆபரேஷன் இருந்திருக்கிறது. நரம்பின் உறையைக் கீறிவிடுவார்களாம். அமெரிக்காவில் முறையாகச் சோதித்து 1995-இல் முடிவை வெளியிட்டார்கள்: பலனில்லை, கெடுதல்கூட வரலாம். கத்தி வைக்காமல் விட்டவர்களில் 100-க்கு 43 பேருக்கு ஆறு மாதத்தில் கண் பரிசோதனை எழுத்துச் சார்ட்டில் மூன்று வரியாவது கூடியிருக்கிறது. நான் அந்த 43-இல் ஒருவனா? ஸ்டீராய்டு மாத்திரையை சில டாக்டர்கள் கொடுக்கிறார்கள், பலர் நம்புவதில்லை. எனக்கு சுகர் வேறு. வேண்டாம் என்றுவிட்டார்.

ஜனவரி 15
பொங்கல். வலது கண் சரி.

ஜனவரி 19
மச்சான் பொன்னாங்கண்ணிக் கீரை கட்டுக்கட்டாக அனுப்பியிருக்கிறார். சாப்பிடுகிறேன், கீரை என்ன பாவம் செய்தது.

என் கண்ணில் நரம்பு வெளியேறும் வாய் பிறவியிலேயே சின்னது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. ரத்தம் குறைந்தால் இழைகள் வீங்கும், அந்த வீக்கமே மறுபடி ரத்தத்தை நெரிக்கும். வலது கண்ணிலும் அதே சின்ன வாய்தான். ஐந்து வருஷத்தில் 100-க்கு 15 பேருக்கு அடுத்த கண்ணிலும் வருமாம்.

ஜனவரி 20
15.

ஜனவரி 27
கையில் பட்டை கட்டி ஒரு நாள் முழுக்க பிரஷர் எடுத்தார்கள். விடிகாலை 3 மணிக்கு 92/54. ராத்திரி படுக்கும்போது பிரஷர் மாத்திரை போடச் சொன்னது யார்? வேறொரு டாக்டர்தான், நல்ல எண்ணத்தில்தான். கோபம் போகவில்லை. இதுதான் காரணமா என்று கேட்டேன். நிரூபணம் இல்லை, வலுவான சந்தேகம் என்றார் டாக்டர் அம்மா. இனி மாத்திரை காலையில்.

பிப்ரவரி 3
“என்னங்க, தூங்குறீங்களா?” தூங்கினால்தானே பிரஷர் இறங்கும்.

பிப்ரவரி 16
தூக்கப் பரிசோதனையில் குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பது தெரிந்துவிட்டது. மாஸ்க் போட்டுத் தூங்க ஒரு மெஷின். விலையைக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் நின்றது.

மார்ச் 6
வீக்கம் வடிந்துவிட்டது. நரம்பு வெளுத்துவிட்டது. பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்ட் டெஸ்டில் கீழ்ப்பாதி இன்னும் கறுப்பு. சார்ட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது. ஒன்றா, மூன்றா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. மாடிப்படி இறங்கும்போது மட்டும் எல்லாரும் என் காலைப் பார்க்கிறார்கள்.

மார்ச் 8
வலது கண் சரி. மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறது, கடைக்காரருக்கு நாளை போன் செய்ய வேண்டும்.