மகளுக்கு முதல் யுகுலேலே: வாங்கியதும் பத்து வாரம் வாசித்ததும்

மகளுக்கு ஏழு வயது. ஒரு பிறந்தநாள் விழாவில் பக்கத்து வீட்டு அக்கா யுகுலேலே என்ற குட்டிக் கிதார் மாதிரியான வாத்தியத்தை வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, எனக்கும் அது வேணும்" என்றாள். கிதார் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். அவள் கைக்கு அந்தக் கழுத்து அகலம் அதிகம். யுகுலேலேவுக்கு நாலே தந்தி, அதுவும் நைலான். சரி என்று அன்று இரவே ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். 899 ரூபாய், இளஞ்சிவப்பு நிறம், மேலே பூ போட்டது.

அவசரப்பட்டிருக்கக் கூடாது. ஸ்ருதி சேர்த்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். புது நைலான் தந்தி கொஞ்ச நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும் என்று தெரிந்ததால் முதலில் பொறுத்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால், தந்தி மட்டும் காரணமில்லை, தந்தியை முறுக்கும் பிரடைகளும் பிடிமானம் இல்லாமல் தாமாகவே நழுவுகின்றன. அதைவிடப் பெரிய குறை, கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளான மெட்டுகளுக்கு மேலே தந்திகள் எங்கேயோ உயரத்தில் நின்றன. அவள் விரல்நுனி சிவக்கச் சிவக்க அழுத்தியும் 'டொக்' என்றுதான் கேட்டது. ஒரு நாள் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வராது போலம்மா" என்றாள்.

அது தாங்கவில்லை. நானே எடுத்து அழுத்திப் பார்த்தேன். என் விரலுக்கே பலம் தேவைப்பட்டது. ஸ்ருதி காட்டும் ட்யூனர் ஆப்பை வைத்துப் பார்த்ததில், ஈ என்ற மேற்கத்திய ஸ்வரத்துக்குச் சேர்த்த தந்தியின் முதல் மெட்டில் வர வேண்டிய எஃப் நன்றாகவே தூக்கலாகக் காட்டியது. கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் சின்னப் பட்டையை நட் என்பார்கள். அதில் பள்ளம் ஆழமாக இல்லாவிட்டால் தந்தி உயர்ந்து நிற்கும். அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டு ஸ்வரம் ஏறிவிடும். பிழை முழுக்கப் பொருளில் இருக்க, குழந்தை தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்கே போனேன். யுகுலேலேவில் பல அளவு உண்டு: சொப்ரானோ சுமார் 21 அங்குலம், கான்சர்ட் 23, டெனர் 26. இந்த மூன்றுக்கும் ஜி, சி, ஈ, ஏ என்று ஒரே ஸ்ருதிதான். பாரிடோன் மட்டும் வேறு, அது கிதாரின் கடைசி நாலு தந்தி போல டி, ஜி, பி, ஈ. அதைக் குழந்தைக்கு வாங்க வேண்டாம். சொப்ரானோவையும் கான்சர்ட்டையும் மடியில் வைத்துப் பார்த்தாள். சொப்ரானோவில் மூன்றாம் மெட்டு அவள் மோதிர விரலுக்குச் சுலபமாக எட்டியது. அதோடு முடிவு.

நான் பார்த்தவை இவை. கழுத்தின் இரு ஓரத்திலும் உள்ளங்கையைத் தடவினேன். மெட்டு முனை ஏதாவது குத்தினால் அது வேண்டாம். பன்னிரண்டாவது மெட்டில் ஒவ்வொரு தந்தியையும் அழுத்தி மீட்டி, திறந்த தந்தியின், அதாவது விரல் வைக்காமல் மீட்டும் தந்தியின், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் சரியாக நிற்கிறதா என்று ட்யூனரில் பார்த்தேன். அங்கே தந்திக்கும் மெட்டுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருந்தது. பள்ளி ஸ்கேலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பிரடைகள் பல்சக்கரம் வைத்தவை. உடம்பு ஒட்டுப்பலகைதான். முழு மரத்தின் நாதம் தனி, மறுக்கவில்லை. ஆனால் அது ஈரத்துக்கும் வறட்சிக்கும் அசையும், குழந்தை கையில் அடிபடவும் செய்யும். பையோடு 2,600 ரூபாய்.

அன்று இரவு தூங்கும் முன் அதன் கதையைச் சொன்னேன். 1879இல் போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலில் ஹோனலூலூ போய் இறங்கியவர்களில் மூன்று மரத் தச்சர்கள் இருந்தார்கள். அவர்கள் ஊரின் சின்னக் கிதாரிலிருந்துதான் ஹவாயில் இது பிறந்தது. ஹவாய் மொழியில் 'உக்கு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் குதிப்பது. அதைக் கேட்டதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். அப்போதிருந்து அதன் பெயர் தெள்ளு.

முதல் வாரம் சி கார்டு மட்டும். கார்டு என்றால் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது. ஏ தந்தியின் மூன்றாம் மெட்டில் ஒரு விரல், மற்ற மூன்றும் திறந்தவை. முதல் நாளே சுத்தமாகக் கேட்டது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டாம் வாரம் ஏ மைனர், அதற்கும் ஒரே விரல். தினமும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்கவில்லை. காலையில் ஸ்ருதி சேர்ப்பது என் வேலை. புதுத் தந்திகள் ஒருவழியாக நிலைக்க எட்டு நாள் ஆயின.

நான்காம் வாரம்தான் எனக்கே புதையல் கிடைத்தது. அவள் பாட்டு வகுப்புக்குப் போகிறவள். ஒரு நாள் தந்திகளைச் சும்மா மீட்டியபடி, "ப ச க த" என்று பாடினாள். சி-யை ஸட்ஜமாக வைத்தால் நாலு திறந்த தந்திகளும் அப்படியே அவைதான்! மோகன ராகத்துக்கு ரி ஒன்றுதான் பாக்கி, அது சி தந்தியின் இரண்டாம் மெட்டில் இருக்கிறது. ஆரோகணமே விரலுக்குள் அடங்கிவிட்டது: சி தந்தி திறந்து ச, இரண்டாம் மெட்டில் ரி, ஈ தந்தி திறந்து க, அதன் மூன்றாம் மெட்டில் ப, ஏ தந்தி திறந்து த, அதன் மூன்றாம் மெட்டில் மேல் ச. கார்டு மாற்றத் தடுமாறுகிறவள் இதை இரண்டே நாளில் வாசித்துவிட்டாள்.

பாட்டு டீச்சரிடம் காட்டினோம். "இவ பாடறது 5 கட்டை, அதாவது ஜி ஸ்ருதி ஆச்சே, அந்த ஜி-யை ஸட்ஜமா வச்சுப் பாருங்க" என்றார். அதே ஐந்து ஸ்வரங்கள் சுத்த சாவேரி ராகம் ஆகிவிட்டன. ஸட்ஜத்தை இடம் மாற்றினால் ராகமே மாறும் இந்தக் கிரக பேதத்தை ஏழு வயதுக் குழந்தை மடியில் வைத்துக் கேட்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆறாம் வாரம் பரீட்சை, தெள்ளுவைத் தொடவில்லை. ஏழில் எஃப் வந்தது, இரண்டு விரல். இப்போது பத்தாம் வாரம். சி, ஏ மைனர், எஃப் மூன்றும் நிறுத்தாமல் மாறுகின்றன. ஜி7-க்கு மூன்று விரல் வேண்டும். நடு விரல் சி தந்தியில் இரண்டாம் மெட்டுக்குப் போகும்போது பக்கத்து ஈ தந்தியைத் தொட்டு அமுக்கிவிடுகிறது. நகத்தை ஒட்ட வெட்டி, விரலை இன்னும் செங்குத்தாக வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். நேற்று நான் சமையலறையில் இருந்தபோது கூடத்திலிருந்து, "அம்மா, ஏ இறங்கியிருந்துச்சு, நானே ஏத்திட்டேன்" என்று குரல் வந்தது. போய் ட்யூனரில் பார்த்தேன். சரியாக நின்றது.