வேலியோரத்து ஃபெசன்ட்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயல் வேலியோரத்தில் ஒரு ஃபெசன்ட் சேவல் குடியிருக்கிறார். மயிலுக்கும் காட்டுக்கோழிக்கும் பங்காளி. செம்பு நிற உடம்பு, பச்சைக் கழுத்து, அதில் ஒரு வெள்ளை வளையம், முகத்தில் சிவப்புத் தோல். இவ்வளவு பகட்டை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டதும் காட்டும் கூச்சம் இருக்கே! பறப்பதுகூட இல்லை, தலையைத் தாழ்த்திப் புல்லுக்குள் ஓட்டம்தான். ரொம்ப நெருங்கிவிட்டால் மட்டும் படபடவென்று செங்குத்தாக எழும்புவார். அதில் நமக்குத்தான் நெஞ்சு அடைத்துப்போகும்.

நடந்து போய்ப் படம் எடுப்பது கஷ்டம். காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியாக லென்ஸை நீட்டினால் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. விடியற்காலையும் மாலையும் இரை தேட வெளியே வருவார்.

வசந்த காலத்தில் கூவலுக்குக் காது கொடுங்கள். கரகரவென்று இரண்டு அசை, உடனே இறக்கையடி. கூவல் கேட்டதும் பட்டனை அழுத்தினால் விரிந்த இறக்கை கிடைக்கும். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே போனால் இறக்கை கலங்கிவிடும் (எனக்கு அந்தக் கலங்கலும் பிடிக்கும்). வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கணும். இல்லாவிட்டால் பச்சைக் கழுத்து வெறும் கறுப்பாகத்தான் விழும்.

பெட்டை இன்னும் சிரமம். காய்ந்த புல் நிறம், அசைந்தால்தான் தெரியும். கூடு தரையில். கலைத்தால் முட்டைகளை விட்டுவிட்டே போய்விடலாம் என்பதால் அடைகாக்கும் மாதங்களில் அந்தப் புல்லுக்குள் நான் கால் வைப்பதில்லை. ஆகவே இப்போதைக்குச் சேவல் படங்கள் மட்டும்.