'துணை' என்ற சொல்லும் 0.70 என்ற எண்ணும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த், பிறை வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் வாழும் தமிழ் முதியவர்களின் தனிமையுணர்வை அளப்பதற்காக, என் முதுகலை ஆய்வின்போது நானே ஒரு வினாநிரலைத் தயாரித்தேன். ஒவ்வொரு கூற்றையும் வாசித்துக் காட்டி, 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரையிலான நான்கு விடைகளுள் ஒன்றைக் கேட்டுக் குறிப்பதே முறை. இரண்டு வாரம் கழித்துச் சிலரிடம் மீண்டும் கேட்டபோது ஏறக்குறைய அதே விடைகள் வந்தன. உள் ஒருமைப்பாட்டை, அதாவது கூற்றுகளுக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண்ணும், வழக்கமாக எதிர்பார்க்கப்படும் 0.70 என்ற எல்லையை எளிதாகக் கடந்தது. கருவி தேறிவிட்டது என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கையைக் கலைத்தவர், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்து பிற்காலத்தில் பிறைக்குக் குடிவந்த ஒரு பாட்டி. 'எனக்குத் துணை இல்லை' என்று நான் வாசித்து முடிப்பதற்குள், "ஆமாம்மா, அவரு போயி எட்டு வருஷம் ஆச்சு, எப்பவும்னே போட்டுக்க" என்றார். நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வந்து பேசிவிட்டுச் சென்றனர். வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் சேர்ந்து போவதற்கான ஏற்பாடும் நடந்தது. பிறகு பழைய படிவங்களைப் புரட்டிப் பார்த்தபோது, எதிர்த்திசையிலும் அதே பிழை இருப்பது தெரிந்தது. பகலெல்லாம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று என்னிடம் வருந்திச் சொன்ன ஒரு பெரியவர், மனைவி உயிருடன் இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் அதே கூற்றுக்கு 'ஒருபோதும் இல்லை' என்று விடையளித்திருந்தார். நம் பேச்சில் துணை என்றால் முதலில் வாழ்க்கைத்துணைதான். அதை அறியாதவளல்லள் நான். மேசைமுன் அமர்ந்து கூற்றுகளை எழுதியபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

நம்பகத்தன்மை என்பது ஒரு கருவி மீண்டும் மீண்டும் ஒரே வகையான விடையைத் தருகிறதா என்பதைப் பற்றியது. ஏற்புடைமை என்பது, அளப்பதாக நாம் சொல்லிக்கொள்வதைத்தான் அந்தக் கருவி அளக்கிறதா என்பதைப் பற்றியது. இந்த வேறுபாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த எனக்கு, அதன் கனம் அந்தப் பாட்டியின் வீட்டில்தான் புரிந்தது. கணவரை இழந்தவர் இரண்டு வாரம் கழித்தும் அவரை இழந்தவராகவே இருப்பார். ஆகவே அவருடைய விடை மாறாது. தற்செயலாக நேரும் பிழைதான் விடைகளைச் சிதறடித்து நம்பகத்தன்மையைக் குறைக்கும். ஒருவரிடம் ஒரே பக்கமாகச் சாயும் பிழையோ ஒவ்வொரு முறையும் தவறாமல் திரும்பி வருவதால், மறுசோதனையின் கண்ணுக்கு அது படுவதே இல்லை.

உளவியலாளர் லீ குரோன்பாக் 1951இல் விளக்கிய ஆல்ஃபா, கூற்றுகளுக்கிடையிலான ஒட்டுறவை (ஒன்றின் விடை மாறும்போது மற்றதும் எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்பதை) மட்டுமன்றி அவற்றின் எண்ணிக்கையையும் பொறுத்தது. தரப்படுத்திய கணக்கில், கூற்றுகளின் சராசரி ஒட்டுறவு 0.3 என்ற அளவிலேயே இருந்தாலும், 5 கூற்றுகளுக்கு 0.68 ஆக இருக்கும் ஆல்ஃபா 10 கூற்றுகளுக்கு 0.81 ஆகவும், 20 கூற்றுகளுக்கு 0.90 ஆகவும் உயர்கிறது. நானோ 'துணை இல்லை', 'கூட யாரும் இல்லை', 'தனியாக இருக்கிறேன்' என்று ஒன்றையே சொல் மாற்றி எழுதியிருந்தேன். முதியவர்கள் எல்லாவற்றையும் குடும்ப நிலையைப் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொண்டதால், விடைகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. நான் பெருமையுடன் அட்டவணையில் இட்ட எண் அந்தப் பொருத்தத்தைத்தான் காட்டியது.

இதனால் நம்பகத்தன்மை தேவையற்றது என்று ஆகிவிடாது. இரண்டு பண்புகளுக்கிடையே உண்மையில் 0.6 ஒட்டுறவு இருந்தாலும், அவற்றை அளக்கும் கருவிகளின் நம்பகத்தன்மை 0.7, 0.8 என இருந்தால், நம் கைக்கு வருவது ஏறத்தாழ 0.45தான். உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மேன் 1904லேயே இதைக் காட்டிவிட்டார்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதற்கு மறுமொழிபெயர்ப்பு என்ற முறையைப் பலரும் நம்புகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் கம்பேனியன் என்றிருப்பதைத் துணை என்று தமிழாக்கி, இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பினால், கம்பேனியன் என்ற சொல்லே திரும்பி வரக்கூடும். இரண்டு மொழிகளையும் படித்தவர்களிடையே நடக்கும் அந்தப் பரிமாற்றத்தில், விடையளிக்கப்போகும் பாட்டி எங்குமே இல்லை.

குரோன்பாக்கும் பால் மீலும் 1955இல் எழுதிய கட்டுரை, ஏற்புடைமையை ஒரே எண்ணில் அடக்காமல், ஒரு கருத்தைச் சுற்றியுள்ள எதிர்பார்ப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சான்று சேர்க்கும் பணியாகக் காட்டியது. உளவியலாளர்கள் கேம்ப்பெல்லும் ஃபிஸ்க்கும் 1959இல் அதனுடன் ஒரு கடுமையான நிபந்தனையைச் சேர்த்தார்கள்: ஓர் அளவீடு தொடர்புடையவற்றோடு ஒத்துப்போனால் மட்டும் போதாது, வேறுபட வேண்டியவற்றிலிருந்து விலகியும் நிற்க வேண்டும். என் மதிப்பெண் விலகி நிற்க வேண்டியது திருமண நிலையிலிருந்து. முழுமையாக விலகவும் கூடாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். நெருக்கமான ஒருவர் இல்லாததால் வரும் தனிமையையும், உறவு வட்டம் இல்லாததால் வரும் தனிமையையும் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் பிரித்துக் காட்டினார். அந்தப் பாட்டியிடம் முதலாவது இருந்திருக்கலாம். இருந்ததா என்பதை என் கூற்றுகளால் கண்டறிய முடியவில்லை என்பதே என் வருத்தம்.

அதன்பின் சில முதியவர்களுடன் அமர்ந்து, ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, அதைக் கேட்டவுடன் மனத்தில் தோன்றுவதை உரக்கச் சொல்லுமாறு வேண்டினேன். 'நான் தனிமையை உணர்வதில்லை' என்பதற்குச் சிலர் "இல்லை" என்றார்கள்; உணரவில்லை என்கிறார்களா, கூற்றை மறுக்கிறார்களா என்று பிரித்தறிய வழியில்லாததால் அதை நீக்கினேன். கூடத்தில் மகளோ மருமகளோ இருக்கும்போது விடைகள் மாறுவதையும் கண்டேன். அதனால் யார் உடன் இருந்தார் என்பதைக் குறிக்கப் படிவத்தில் ஓர் இடம் ஒதுக்கினேன். 'துணை இல்லை' என்பதற்குப் பதிலாக, 'மனத்தில் இருப்பதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை' என்று எழுதினேன்.

அந்தப் பாட்டியிடம் மறுபடியும் சென்று புதிய கூற்றை வாசித்தபோது அவர் உடனே விடையளிக்கவில்லை. வாசற்பக்கம் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எதைச் சொல்றதுன்றதப் பொறுத்து இருக்கும்மா" என்றார். நான்கு கட்டங்களுள் எதிலும் குறியிடாமல், அவர் சொன்னதை ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன்.